பரிவட்டம் கட்டிய அமிலம்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பாடம் நடத்துவது எப்படி என்று நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பயிற்சி முகாம் உண்டு. டீ, வடையுடன் நடக்கும். ஒரு பாடம் போலீஸ் வரைக்கும் போன விதத்தைச் சொல்கிறேன். அதற்குப் பயிற்சி முகாம் கிடையாது.

ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன் வேலூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் சில காலம் இருந்தேன். செய்தியை முதல் பத்தியில் சொல்லிவிட வேண்டும், பின்னணி பிறகு என்று அங்கே பழக்கினார்கள். பழக்கம் போகவில்லை. செய்தி இதுதான். ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உடன் படிக்கும் பையனை டிபன் பாக்ஸ் மூடியால் நெற்றியில் அடித்தாள். அவன் அவளைக் 'குளோரோ' என்று கூப்பிட்டிருந்தான். குளோரோ என்பது கெட்ட வார்த்தையா என்று என்னிடம் கேட்டார்கள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கெட்ட வார்த்தை இல்லை என்று நான் சொன்னால் அவளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றவர்களுக்குப் பெயர் இல்லாமலே சமாளித்துவிடலாம்.

பின்னணி. ஒரு கரிமச் சேர்மத்தில் ஒரே ஒரு வினைசெயல் தொகுதி இருந்தால் பெயர் வைப்பதில் சிரமமில்லை. அதுவே பெயரின் கடைசியில் பின்னொட்டாக உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால்தான் தகராறு. பின்னொட்டு இடம் ஒன்றுதான். ஒரு தொகுதிக்கு அதைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றைப் பெயரின் முன்பக்கம் முன்னொட்டாகப் போடவேண்டும். போகிறபோது அவற்றின் பெயரும் மாறிவிடும். ஆல்கஹால் ஹைட்ராக்சி ஆகும், கீட்டோன் ஆக்சோ ஆகும், அமீன் அமினோ ஆகும். பின்னொட்டு யாருக்கு என்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசை இருக்கிறது. அமிலம் முதலில், பிறகு எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன். மீதி உங்களுக்குத் தெரியும்.

இந்த வரிசையைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். எல்லா வருடமும் மறப்பார்கள். அதனால் ஒவ்வொரு வேதியியல் ஆசிரியரும் இதற்கு ஒரு உபாயம் வைத்திருப்பார். எங்கள் பள்ளியில் இருந்த மூத்த ஆசிரியர் வைத்திருந்த உபாயம், கோயிலில் முதல் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம்.

இந்த மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாதி அவரிடம் கற்றது. சாக்பீஸைப் பாதியாக உடைத்துவிட்டு எழுதினால் கிறீச்சிடாது என்பது முதல், விடைத்தாள் திருத்தும் முகாமில் யாரோடு சாப்பிட உட்காரக்கூடாது என்பது வரை. அவர் அதே ஊர்க்காரர். திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதியோடு முடியும் அக்கினி வசந்த விழாக் குழுவில் இருந்தார். யார் மீதும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காலனிப் பிள்ளைகளுக்கு அவர் சொந்தக் காசில் வழிகாட்டிப் புத்தகம் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போவதற்கு இது விளக்கமாகாது, ஆனால் உண்மை.

அவர் வகுப்புக்கும் வேதியியல் ஆய்வகத்துக்கும் நடுவே பலகைத் தடுப்புதான் சுவர். நான் ஆய்வகத்தில் பாடம் எடுப்பேன். அவர் பாடமும் சேர்ந்து கேட்கும்.

"கோயிலுக்கு எத்தன பெரிய மனுஷன் வேணா வரட்டும். பரிவட்டம் எத்தன?"

"ஒண்ணு சார்!"

"யாருக்கு?"

"அமிலத்துக்கு சார்!"

"அமிலம் ஊர்ல இல்ல. மெட்ராஸ் போய்க்கிது. இப்ப?"

"எஸ்டருக்கு சார்!"

"அப்ப ஆல்கஹால் இன்னா பண்ணும்?"

"துண்ட இடுப்புல கட்டிகினு முன்னாடி நிக்கும் சார்! ஹைட்ராக்சின்னு பேர மாத்திகினு!"

என் வகுப்புப் பிள்ளைகளும் இந்தப் பக்கத்திலிருந்து சேர்ந்து கத்துவார்கள். முறை வேலை செய்தது. அவர் வகுப்பில் யாரும் அந்தக் கேள்வியைத் தவறாக எழுதியதில்லை. வெம்பாக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் அதைப் போனில் பதிவு செய்துகொண்டு போனார்கள்.

வகுப்பில் தினேஷ் என்று ஒரு பையன். அவன் அப்பா பட்டு முதலாளி. ஆரணியில் கடை, சுற்றிலும் பல வீடுகளில் அவர் தறி. விழாவில் பரிவட்டம் அவர்கள் குடும்பத்துக்குத்தான். அதனால் அமிலம் என்றாலே பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவன் தலையைத் தொட்டுக்கொள்வான். இதுவரை எல்லாம் வேடிக்கை.

நிவேதா காலனிப் பெண். அவள் அப்பா அன்பழகன் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஊரிலிருந்து ஆரணி போகும் எல்லாருக்கும் அவரைத் தெரியும். சில்லறை இல்லை என்று ஒருநாளும் சொல்லாத கண்டக்டர். இவள் கேள்வி கேட்கிற பெண். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பாராட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். பதில் சொல்வது எப்படி என்று சொல்லமாட்டார்கள்.

ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"சார், இந்த குளோரோ, புரோமோ, நைட்ரோல்லாம் வரிசையில எங்க சார் நிக்கும்?"

"அது வரிசையிலயே இல்லம்மா. எப்பவும் முன்னொட்டுதான்."

"வேற யாருமே வரல சார். அது மட்டும் தனியா இருக்குது. அப்ப?"

"அப்பவும் இல்ல. குளோரோமீத்தேன். பாரு, பின்னொட்டு இருக்கா? கோயிலே காலியா இருந்தாலும் அதுக்குப் பரிவட்டம் கிடையாது."

"ஏன் சார்?"

"அது வழக்கம்மா."

வேதியியலாகப் பார்த்தால் பதிலில் தவறில்லை. ஹாலஜனுக்கும் நைட்ரோவுக்கும் பின்னொட்டு கிடையாது என்பது பெயரிடும் வழக்கம்தான். பிறகு பையன்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அப்ப காலனி சார்!" என்றான். வகுப்பு சிரித்தது. "டேய், சும்மா இருங்கடா" என்றார் அவர். அடுத்த சேர்மத்துக்குப் போய்விட்டார்.

அந்த ஊரில் தீமிதி அன்று காலனிக்காரர்கள் நிற்பதற்கு ஒரு இடம் உண்டு. கயிறு கட்டியோ கோடு போட்டோ யாரும் காட்டியதில்லை. எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு அன்றுவரை பெயர் கிடையாது. பாடத்தில் கிடைத்தது.

குளோரோ பரவியது. முதலில் நிவேதாவுக்கு, பிறகு அவள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும். வேதியியல் படிக்காத வணிகவியல் பிரிவிலும் நுழைந்தது. ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இன்னொருவனை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, ஆசிரியர் அறையில் ஒருவர், "பரவால்லியே, இப்பவே கெமிஸ்ட்ரி பேசறானுங்க" என்றார். நான் மூத்தவரிடம் போய், அந்த வார்த்தை எங்கெல்லாம் புழங்குகிறது என்று சொன்னேன்.

"பசங்க வெளையாட்டு மேடம். பாடம் மனசுல நின்னுச்சா இல்லியா, அத்தப் பாருங்க" என்றார்.

நின்றிருந்தது. அதில் சந்தேகமில்லை.

அந்த வாரமே மதிய இடைவேளையில் அது நடந்தது. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நிவேதா தன் தோழிக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள். தினேஷ், "குளோரோல்லாம் தள்ளிப் போய் ஒக்காரு. நீ ஒண்டியா ஒக்காந்தாலும் ஒனக்குப் பரிவட்டம் கெடையாது" என்றான். அவள் கையில் டிபன் பாக்ஸ் மூடி இருந்தது. எவர்சில்வர். தையல் போடவேண்டி வந்தது.

தினேஷின் அப்பா வருவதற்கு முன்பே சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். யார் கூப்பிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டதும் தலைமையாசிரியர் அறையில் விசாரணை.

எங்கள் தலைமையாசிரியர் சமணர். ஊரில் எல்லாரும் அவரை நயினார் என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இருட்டிய பிறகு தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார். அதனால் அவர் கூட்டங்கள் எல்லாம் வெளிச்சத்திலேயே முடியும். பள்ளியின் நேர ஒழுங்குக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அன்றும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அறைக்கு வெளியே என்னை நிறுத்திச் சொன்னார்.

"மேடம், எஸ்.ஐ. உங்கள ஒண்ணே ஒண்ணு கேப்பாரு. அது கெமிஸ்ட்ரி வார்த்தையா, இல்லியா. ஆமான்னு சொல்லிடுங்க. உண்மைதானே? அந்தப் பொண்ணு அடிச்சதுக்கு டி.சி. குடுத்து கலசப்பாக்கம் பக்கம் ஏதாவது ஸ்கூல்ல நானே பேசிச் சேர்த்துவிட்டுட்றேன். பையன் மேல கேஸ் இல்ல. சார் ரிடயர்மெண்டுக்கும் பங்கமில்ல. எல்லாம் ஜல்தியா முடிஞ்சிடும்."

உண்மைதான். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. செய்தி மேசையில் இதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வாக்கியம் உண்மையாக இருக்கும். அதற்கு முந்தைய வாக்கியத்தை வெட்டிவிட்டால் அது வேறு வேலை செய்யும். தேர்வு நெருங்கும் நேரத்தில், தெரியாத பள்ளியில், "அடித்துவிட்டு வந்தவள்" என்ற பெயரோடு போய் உட்காரும் பெண் என்ன எழுதுவாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உள்ளே போனேன். சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். இன்ஜினியரிங் படித்துவிட்டு போலீஸ் தேர்வு எழுதியவர். கெமிஸ்ட்ரியில் அரியர் வைத்து முடித்ததாக அவரே சொன்னார். பட்டு முதலாளி நாற்காலியில். பக்கத்தில் தினேஷ், நெற்றியில் கட்டு. மூத்தவர் இன்னொரு நாற்காலியில். அன்பழகன் காக்கிச் சட்டையோடு வாசலை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இல்லாமல் இல்லை. காலியாக ஒன்று இருந்தது. அவரை உட்காரச் சொன்னேன். "பரவால்லைங்க மேடம், பஸ்ல நின்னு பழக்கம்" என்றார். நிவேதா அவருக்குப் பக்கத்தில்.

"மேடம், இந்த குளோரோன்றது இன்னா?" என்றார் எஸ்.ஐ.

முழுதாகச் சொல்லாமல் அது புரியாது என்றேன். தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தார். தயிரை எடுத்துக்கொண்டேன். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலத்தில் இரண்டு தொகுதிகள். ஒன்று அமிலம், ஒன்று ஆல்கஹால்.

"தயிர்ல ஆல்கஹாலா?" என்றார் எஸ்.ஐ. நிமிர்ந்து.

"கடையில விக்கறது இல்லைங்க. அது ஒரு தொகுதியோட பேர்."

"சரி, சொல்லுங்க."

"ரெண்டுல அமிலத்துக்கு முன்னுரிமை. அதனால பேர் அமிலம்னு முடியும். ஆல்கஹால் ஹைட்ராக்சின்னு முன்னால போய்டும். 2-ஹைட்ராக்சிபுரப்பனோயிக் அமிலம்."

"அப்ப பெரியவர் கடைசிலதான் வர்றாரு."

"ஆமாங்க."

"எங்க டிபார்ட்மெண்ட்லயும் அப்டித்தான். நாங்க முன்னாடி போய் ரோட்ட கிளியர் பண்ணணும்." அவர் யோசித்தார். "யார் பெரியவர்னு யாரு முடிவு பண்றது?"

"சர்வதேச அளவுல ஒரு குழு இருக்குதுங்க."

"அவங்க மேல கேஸ் எடுக்க முடியாது" என்றார். "குளோரோ?"

"குளோரின் அணு ஒட்டியிருந்தா அந்தப் பேர். அது எப்பவும் முன்னொட்டாதான் வரும்."

"கெட்ட வார்த்தை இல்ல."

"பாடப் புத்தகத்துல இருக்குதுங்க."

அறையில் எல்லார் முதுகும் ஒரு அங்குலம் தளர்ந்தது. பட்டு முதலாளி, "நான்தான் சொன்னனே சார், பசங்க படிச்சிகினு இருந்த வார்த்தைன்னு. இதுக்குப் போயி மண்டைய ஒடைக்கிறதா?" என்றார். தலைமையாசிரியர் எழுந்திருக்க ஆயத்தமானார். நான் இன்னும் முடிக்கவில்லை. ஆனால் அடுத்ததை நான் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் அது மூத்தவர் மீது நான் வைக்கும் புகார். அவர் மறுக்கலாம். என் வார்த்தை, அவர் வார்த்தை. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டவள்தானே நான்.

அப்போது நிவேதா பேசினாள்.

"மிஸ், நீங்க இப்ப எடுத்த மாதிரி எங்களுக்கு எடுக்கலியே."

"வாய மூடு" என்றார் பட்டு முதலாளி.

"பொண்ண நான் பாத்துக்கறேங்க" என்றார் அன்பழகன், குரலை உயர்த்தாமல்.

எனக்கு வழி தெரிந்துவிட்டது. எஸ்.ஐ.யிடம் சொன்னேன்: "நான் இந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்த எடுக்கலைங்க. சார்தான் எடுத்தாரு. எங்களவிட நல்லா எடுப்பாரு. வகுப்புல எடுத்தபடியே இங்க ஒரு தரம் எடுக்கச் சொல்லுங்க. நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

இதில் தந்திரம் எதுவும் இல்லை. ஒரு பாடம் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் அதைக் கேட்கவேண்டும். மூத்தவருக்கும் ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால் முகம் மலர்ந்தது. தன் பாடத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பயிற்சி முகாமில் கைதட்டல் வாங்கிய பாடம். எழுந்து, கால அட்டவணைப் பலகையின் ஓரத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் போனார். சாக்பீஸைப் பாதியாக உடைத்தார்.

"இப்ப கோயில்ல விழா சார். எத்தன பெரிய மனுஷன் வந்தாலும் பரிவட்டம் ஒண்ணுதான்..."

நன்றாகத்தான் எடுத்தார். அமிலத்துக்குத் தலைப்பாகை வரைந்தார். எஸ்டர் தோளில் துண்டோடு காத்திருந்தது. ஆல்டிஹைடும் கீட்டோனும் பங்காளிகள், உள்ளுக்குள் பொறாமை. எஸ்.ஐ. இரண்டு இடத்தில் சிரித்தார். "எனக்கு இந்த மாதிரி யாராவது எடுத்திருந்தா அரியர் விழுந்திருக்காது சார்" என்றார். பட்டு முதலாளி புன்னகைத்தபடி மகனைப் பார்த்தார். தலைமையாசிரியர்கூட ஜன்னலை மறந்துவிட்டார். வரிசை ஆல்கஹாலுக்கு வந்தது, அமீனுக்கு வந்தது, முடிந்தது.

"அவ்ளோதான் சார்" என்றார் மூத்தவர்.

"சார்," என்றாள் நிவேதா, "குளோரோ?"

அவர் பலகைப் பக்கம் திரும்பி, CH₃Cl என்று எழுதினார். "குளோரோ வந்து..." என்று ஆரம்பித்து இந்தப் பக்கம் திரும்பினார். வகுப்பில் அவர் திரும்பினால் எதிரே பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே திரும்பியபோது எதிரே இருந்தது வாசல். வாசலில் அன்பழகன், காக்கிச் சட்டை, தோளில் தோல் பை. மூத்தவர் தினமும் அந்த பஸ்ஸில்தான் ஆரணி போவார்.

"குளோரோ வந்து..." என்றார் மறுபடியும்.

பலகையில் தலைப்பாகை கட்டிய அமிலம் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்" என்றார் அன்பழகன். "டிரைவர் வண்டிய நிறுத்திகினு நிக்கிறாரு. நீங்க சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

மூத்தவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பலகை ஓரத்தில் வைத்தது நிற்காமல் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. அசிட்டிக் அமிலத்தில் ஒரு குளோரினைச் சேர்த்தால் அமிலம் பல மடங்கு வலுவாகும். பெயரில் பின்னொட்டு அமிலத்துக்கு; அதற்கு அந்த வலுவைக் கொடுப்பது பரிவட்டமே கிடைக்காத குளோரோ. உங்களில் பலருக்கும் இந்நேரம் இது தோன்றியிருக்கும். சொன்னால் நன்றாக இருக்கும் என்று தெரிந்தது. எஸ்.ஐ. தலையாட்டியிருப்பார். நான் சொல்லவில்லை. அந்தப் பெண் எந்த அணுவுக்கும் உவமையாக நிற்க ஒப்புக்கொண்டவள் இல்லை; நல்ல உவமைக்கும்தான். கெட்ட உவமையை நல்ல உவமையால் திருத்தினால் அவள் பலகையிலேயே இருப்பாள். இறக்கி விடுவதுதான் வேலை.

எஸ்.ஐ. தொப்பியை மடியிலிருந்து எடுத்து மேசை மீது வைத்தார். பட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"உங்க பையன் இந்த வார்த்தைய எதுக்குச் சொன்னான்னு இப்ப எனக்குப் புரிஞ்சிடுச்சு. புகார் எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன். அவரும் எழுதிக் குடுப்பாரு. அதையும் வாங்கிக்கறேன். அவரு குடுக்கறதுக்கு செக்ஷன் வேற. உங்களுக்குத் தெரியும்."

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று பட்டு முதலாளிக்குத் தெரிந்திருந்தது. "பசங்க விஷயம் சார்... இத்த இன்னாத்துக்குப் பெருசு பண்ணிகினு..." என்றார். மதியம் பெருசு பண்ணியவர் அவர்தான்.

"உங்களுக்கு இன்னா வேணும்?" என்று எஸ்.ஐ. அன்பழகனைக் கேட்டார்.

"எம் பொண்ணு அடிச்சது தப்புங்க. தம்பி, வலிக்குதா? அதுக்கு நான் கேட்டுக்கறேன், மன்னிச்சிக்க." தினேஷ் கட்டைத் தொட்டுக்கொண்டு தரையைப் பார்த்தான். "அவ இங்கதான் படிச்சா. இங்கதான் பரீட்ச எழுதுவா. கேஸெல்லாம் வேணாங்க, கோர்ட்டுக்கு நடந்தா பொண்ணு படிக்க முடியாது. ஆனா அடிச்சதுக்கு நான் கேட்டுகினேன். அந்த வார்த்தைக்கு யாரு கேட்டுக்கறது?"

தினேஷின் அப்பா மகனின் முதுகில் கை வைத்தார், தள்ளுகிற மாதிரி. அதற்குள் மூத்தவர் பேசிவிட்டார்.

"நான்தாங்க" என்றார். "அவனுக்கு அந்த வார்த்தைய குடுத்தது நான்." பிறகு நிவேதாவிடம், "மன்னிச்சிடும்மா" என்றார். வேறு எதுவும் சேர்க்கவில்லை. சேர்ப்பார் என்று பயந்தேன். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் 'ஆனால்' என்று ஆரம்பிப்பார்கள்.

நிவேதா மன்னித்ததாகச் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றாள். அன்பழகன் பையைச் சரிசெய்துகொண்டு போனார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பயணிகள் ஏற்கெனவே பேஜாராகி இறங்கி நின்றிருந்தார்கள்.

தலைமையாசிரியர் ஜன்னலைப் பார்த்தபோது வெளியே இருட்டியிருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார். "நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்" என்றார். எதைப் பற்றி என்று சொல்லவில்லை; சாப்பாட்டைப் பற்றி என்று எடுத்துக்கொண்டேன். டி.சி. பற்றி மறுபடி அவர் பேசவில்லை.

இது சமரசம்தானே, சட்டப்படி போயிருக்க வேண்டாமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. வழக்கு வேண்டாம் என்பது அன்பழகன் எடுத்த முடிவு. அவர் கேட்டிருந்தால் நான் சாட்சி சொல்லியிருப்பேன். அவருக்காக முடிவெடுக்கும் இடத்தில் நான் இல்லை. நான் செய்தது, முந்தைய வாக்கியத்தை வெட்டவிடாமல் பார்த்துக்கொண்டது மட்டும்தான். ஆசிரியருக்கு அந்த அளவு அதிகாரம் எப்போதும் உண்டு. எல்லாரும் ஒரே பதிலை உங்களிடம் எதிர்பார்த்து, அந்தப் பதில் உண்மையாகவும் இருந்துவிட்டால், அப்போதுதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

மறுநாள் மூத்தவருக்கு அதே வகுப்பு. பெயரிடுதல் திருப்புதல். வரமாட்டார், விடுப்பு போடுவார் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். வந்தார். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்போடு இருந்தேன். என் பிள்ளைகள் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தார்கள். சாக்பீஸ் உடையும் சத்தம்கூடக் கேட்டது.

"அந்த பரிவட்டக் கதை வேணாம்" என்றார் அவர். "நான் தப்பா எடுத்துட்டேன். அந்தப் பேர்ல இனிமே யாரும் யாரையும் கூப்புடக்கூடாது. கூப்பிட்டா எங்கிட்ட வரணும். சரி, வரிசைய ஞாபகம் வச்சிக்க வேற ஒண்ணு யோசிச்சிகினு வந்திருக்கேன். பஸ்ஸுன்னு வச்சிக்கங்க. டவுன் பஸ்ஸு. ஒரே ஒரு ஜன்னல் சீட்டு..."

"சார்."

நிவேதாவின் குரல்.

"இன்னாம்மா?"

"பஸ்ஸும் வேணாம் சார். நாங்க மனப்பாடம் பண்ணிக்கறோம்."

மனப்பாடத்தைப் பற்றி நம்மை எவ்வளவு பேர் திட்டியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். புரிந்து படி, புரியவைத்துக் கற்பி, வாழ்க்கையோடு இணைத்துச் சொல். எல்லாப் பயிற்சியிலும் இதுதான். வாழ்க்கையோடு இணைக்காதே என்று ஒரு மாணவி சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"சரிம்மா" என்றார் மூத்தவர். "எல்லாரும் சொல்லுங்க. அமிலம்."

"அமிலம்."

"எஸ்டர்."

"எஸ்டர்."

"அமைடு. நைட்ரைல்."

வரிசை தடுப்பைத் தாண்டி வந்தது, ஏற்ற இறக்கமே இல்லாமல், வாய்ப்பாடு மாதிரி. தினேஷின் குரலும் அதில் இருந்தது. அவன் குரல் உடையும் வயது, தனியாகத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

என் வகுப்பில் முன்வரிசைப் பையன் மெதுவாகக் கேட்டான்.

"மிஸ், நமக்கு?"

"நமக்கும் அதான்" என்றேன். "சொல்லு. அமிலம்."